பங்குனி வெயிலில் பச்சை உடம்புக்காரி: பிரசவ வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழியில் பிள்ளை பெற்றவளுக்கும் சித்திரையில் பிள்ளை பெற்றவளுக்கும் நம் வீடுகளில் ஒரே பத்தியம்தான். ஜன்னலைச் சாத்து, காதில் பஞ்சு வை, ஃபேன் போடாதே, தண்ணீரை அளந்து குடி. மார்கழியில் இதில் பாதி பெரிய கெடுதல் செய்யாது. பங்குனி பிறந்து, வெளியே 38, 40 டிகிரி காயும்போது இதே பத்தியம் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பக்கூடியது. பத்தியமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் நல்ல சாப்பாடு. அம்மா வீட்டில் கிடைக்கும் ஓய்வுக்கு ஈடு எதுவும் இல்லை. வெயிலோடு மோதுகிற பழக்கங்களை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, மிகப் பெரியது: தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது.

தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும், தையல் சீழ் பிடிக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றிலும் உண்மை இல்லை. பால் நன்றாகச் சுரந்துவிட்ட தாய் ஒரு நாளைக்கு 700, 800 மில்லி பால் கொடுக்கிறாள். அதில் பெரும்பகுதி நீர்தான். அதற்கு மேல் வியர்வை, முதல் சில வாரம் உதிரப்போக்கு. இந்த நிலையில் தண்ணீரைக் குறைத்தால் பால் உடனே வற்றிவிடாது. உடம்பு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தாயைக் காய வைக்கும். மலச்சிக்கல், மூலம், நீர்க்கடுப்பு எல்லாம் அப்படித்தான் வந்து சேர்கின்றன. தையல் போட்ட இடத்தோடு மலச்சிக்கலில் முக்குவது எவ்வளவு வேதனை என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

இதைவிடப் பயப்பட வேண்டியது ரத்தம் உறைவது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடக்கூடாது என்பதற்காக, கர்ப்ப காலத்திலேயே ரத்தத்தின் உறையும் தன்மை கூடிவிடுகிறது. பெற்றபின் சுமார் ஆறு வாரம் வரை அந்தத் தன்மை முழுதாக இறங்காது. நீர் வற்றி, நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் கட்டலாம். மூளையின் சிரை நாளங்களிலும் கட்டலாம். நம் நாட்டில் பிள்ளை பெற்ற இளம் பெண்களுக்கு வரும் பக்கவாதத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பிரசவம் ஆனபின் தண்ணீர் மறுக்கும் வழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது அவர்கள் கருத்து. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி விடாமல் இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 108ஐ அழைத்துக் கிளம்ப வேண்டும்.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்று லிட்டர் கணக்குப் பார்க்க வேண்டாம். பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் கையெட்டும் இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும், தாகம் அடங்கக் குடித்தால் போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி, அடர்ந்த மஞ்சளாகிவிட்டால் போதவில்லை. மோர், இளநீர், நுங்கு, தர்பூசணி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். தாய் ஜில்லென்று எதைக் குடித்தாலும் பால் உடம்புச் சூட்டில்தான் வெளியே வருகிறது. பிள்ளைக்குச் சளி பிடிப்பது அதைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்களின் தும்மலால்.

இதே வெயிலைக் காரணம் காட்டி, ‘மாத்திரை சூடு’ என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் எடுக்கச் சொல்லித்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காமல், இதைக் காலையில், அதை இரவில் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். தாய்க்கு மறுத்த அதே தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். ‘வெயிலுக்கு நாக்கு வறளுது, ரெண்டு பாலாடை வெந்நீர் ஊத்து’ என்பது நம் பாட்டிமார் எல்லோருக்கும் பழகிய வாக்கியம். ஆறு மாதம் வரை, கத்திரி வெயிலிலும், பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் 87, 88 சதவீதம் நீர்தான். தாகம் கூடினால் பிள்ளை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். ‘இப்பத்தானே குடிச்ச’ என்று கடிகாரம் பார்க்காமல் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். வெறும் தண்ணீரால் குட்டி வயிறு நிறைந்துவிட்டால் பால் குடிப்பது குறையும், அதனால் சுரப்பும் குறையும். அளவு கூடிப்போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வலிப்புகூட வரலாம். காய்ச்சி ஆற்றாத தண்ணீரென்றால் வயிற்றுப்போக்கு வேறு.

பால் போதுகிறதா என்று சந்தேகம் வந்தால் எண்ண வேண்டியது ஈரத்துணியை. பிறந்து ஐந்தாறு நாள் கழிந்தபின் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதும். முதல் சில நாளில் பிள்ளையின் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்துப் பதினான்கு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் எடை பார்க்க வேண்டும், சர்க்கரைத் தண்ணீர் அதற்கு மருந்தாகாது.

சேனை வைப்பது (பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது), தேன் தடவுவது, வசம்பு உரசி ஊற்றுவது ஆகியவற்றையும் இந்த வரிசையில் சேர்க்கிறேன். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே நாம் பெயர் வைத்திருந்தாலும், அதிலுள்ள ஒரு வேதிப்பொருளுக்காக அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். ஆசைக்கு வேண்டுமானால் கையில் வளையலாகக் கட்டுங்கள், பிள்ளை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கும் வயது வந்ததும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது அறை. பிள்ளை பெற்றவளுக்கு ‘தொந்தரவு இல்லாத இடம்’ என்று பல வீடுகளில் ஒதுக்குவது மாடி அறையைத்தான். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் அனலைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறை எதுவோ அது அவளுக்கு. அது ஹாலாக இருந்தால் குறுக்கே ஒரு திரை கட்டிக்கொள்ளலாம். ஃபேன் ஓடலாம், காற்று நேரே பிள்ளையின் முகத்தில் அடிக்காமல் இருந்தால் சரி. ஏசி இருந்தால் 26 டிகிரியை ஒட்டி வைக்கலாம், பிள்ளையைக் குளிப்பாட்டிய ஈரத்தோடு மட்டும் அங்கே கொண்டுபோகக் கூடாது.

பிள்ளைக்குக் குல்லா, காலுறை, கையுறை, மேலே ஒரு பூத்துவாலை. இது டிசம்பர் உடை. சின்னக் குழந்தைக்குத் தலை வழியாகவும் நிறையச் சூடு வெளியேறும், குல்லா போட்டால் அந்த வழியும் அடைபடும். கையும் காலும் ஜில்லென்று இருப்பதை வைத்துக் குளிருகிறது என்று முடிவு செய்வதும் தவறு, சின்னக் குழந்தைக்கு அவை அப்படித்தான் இருக்கும். நெஞ்சிலும் பிடரியிலும் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் துணியைக் குறைக்க வேண்டும். நைந்த பருத்திச் சேலையில் ஒற்றை மடிப்பு போதும். தூளி கட்டுவதும் பருத்திச் சேலையிலேயே இருக்கட்டும், பாலியஸ்டரில் காற்று புகாது. தூளியில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். தாடை நெஞ்சில் முட்டும்படி பிள்ளை சுருண்டு கிடந்தால் மூச்சு அடைபடும்.

வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டினால் அது வியர்வைத் துளையை அடைக்கும், மூச்சில் கலந்து நுரையீரலுக்கும் போகும். சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். தலை ஈரம் காயச் சித்திரைக் காற்றே போதும். குளித்தபின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதை நிறுத்தியே ஆக வேண்டும், அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். கடைக் கண்மையில் ஈயம் இருக்கக்கூடும், கண்ணில் வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அன்றைக்கே டாக்டர். பால் போதாமலும் அறைச் சூட்டாலும் அப்படிக் காயலாம், கிருமித் தொற்றாலும் காயலாம். வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது. பிள்ளைக்குக் கண்ணும் தோலும் மஞ்சளித்தால் வெயிலில் காட்டுவதும் இதே ரகம். பங்குனி வெயில் காமாலையைக் குணமாக்காது, தோலைத்தான் சுடும். மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கியிருந்தால் காத்திருக்கவே கூடாது.

சிசேரியன் ஆனவர்கள் வயிற்றில் இறுக்கிக் கட்டும் துணிக்கட்டைப் பகல் முழுக்கப் போட்டிருந்தால் தையலுக்கு மேல் வியர்வை தேங்கும். காற்றாட விடுங்கள்.

பிறகு விருந்தாளிகள். ஏப்ரல், மே பள்ளிக்கூட விடுமுறை. அக்கா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லோரும் தாத்தா வீட்டுக்கு வந்து இறங்கும் காலம் இதுதான். அம்மை பரவுவதும் இதே காலம். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒட்டிக்கொள்ளும். அதனால் ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று நம்பிப் பிள்ளையை மடியில் கொடுக்க முடியாது. தாய்க்கு ஏற்கெனவே அம்மை போட்டிருந்தால் பிள்ளைக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்திருக்கும். போடாதவள் என்றால், வீட்டில் யாருக்காவது அம்மை கண்ட அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அதோடு மருத்துவரையும் பாருங்கள். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள். வருகிற குழந்தைகள் கை கழுவிவிட்டுக் கட்டில் ஓரம் நின்று பார்க்கட்டும். முத்தம் வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பைப் பெற்றவள் தலையில் கட்டாமல் பாட்டி எடுத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பேச்சு இன்னும் போகவில்லை. அதற்குப் பயந்துதான் ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைக்கிறார்கள். பிறந்த பின்னும் பெற்றவள் காதுபட அதைப் பேசுவது வெறும் கொடுமை. புழுக்கத்தில் தூக்கமில்லை, ராத்திரி கரண்ட் போனால் விசிறிக்கொண்டே பால் கொடுக்கிறாள், இதில் இந்தச் சொல் வேறு. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பல பேருக்கும் உண்டு. அதற்கு மேலும் நீண்டால், பிள்ளையைத் தொடவே மனம் வராவிட்டால், செத்துப்போகலாம் என்று தோன்றினால், அது நோய். திமிர் என்றோ காற்று கருப்பு என்றோ தள்ளக் கூடாது. 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். வீட்டார் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பால் குடித்த பிள்ளையை வாங்கிக்கொண்டு, அவளை மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்க விடுவது.

வெயிலைக் காட்டி ஒன்றரை மாதத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். காலையிலேயே போய் வரலாம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டுக்கு அனுப்ப நாள் பார்க்கும்போது, நல்ல நேரம் பகல் பன்னிரண்டுக்கு விழுந்தால் அதற்கு முன்னால் உள்ள நல்ல நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். விடிகாலையில் கிளம்புவது உத்தமம். பஸ்ஸில் என்றால் வெயில் படாத பக்கமாக இடம் பிடியுங்கள். வழியில் பெரிய பஸ் நிலையங்களில் 2015 முதல் தாய்மார் பாலூட்டும் அறை இருக்கிறது. காரில் என்றால், வெயிலில் நின்ற வண்டியின் கதவுகளைத் திறந்து போட்டு, ஏசி ஓடி உள்சூடு இறங்கிய பிறகே பிள்ளையை ஏற்றுங்கள். டீ குடிக்க இறங்கினால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், அது தூங்கிக்கொண்டிருந்தாலும்.