மலைக்குளிரில் ஹோஸ்டா

இலையழகுக்காக வளர்க்கும் நிழல்செடி ஹோஸ்டா. ஊட்டியில் அதை வைக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ‘ஹால்சியன்’ ரகம். தடித்த இலை என்பதால் நத்தை அவ்வளவாகக் கடிப்பதில்லை. அந்த அழகான நீலம் இலைமேல் படிந்த மெழுகுதான். துடைக்காதீர்கள், தண்ணீரை வேரடியில் விடுங்கள். காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரம் நல்லது. சீகை மரத்தடி வேண்டவே வேண்டாம், ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும். இலைமட்கு நிறையக் கலந்து, குருத்து மண்மட்டத்தில் நிற்கும்படி நடுங்கள்.

மார்கழி உறைபனியில் இலை கருகிப்போகும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள்! அந்தக் குளிர்கால உறக்கம் அதற்கு அவசியம். தண்ணீரை மட்டும் குறையுங்கள். குருத்து மறுபடி எட்டிப்பார்க்கும்போது தூரைப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் வேர் இருக்கட்டும்.

சின்னத் தொட்டிக்கு ‘ப்ளூ மவுஸ் இயர்ஸ்’. வாசம் வேண்டுமென்றால் பிளாண்டாஜினியா என்ற ஹோஸ்டா இனம். சீனாவைச் சேர்ந்த அது வெப்பத்தையும் ஓரளவு தாங்கும், குன்னூர்க்காரர்களுக்கு அதுவே என் தேர்வு.