மிசிசிப்பிப் போராளி ஒருவரின் நீண்ட வாழ்க்கையை எழுதுவது எப்படி?

“மார்ட்டின் லூதர் கிங்கைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று ஆரம்பிக்காதீர்கள். 1960களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகப் போராடிய உள்ளூர்க்காரர்கள் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்கள். அமெரிக்காவின் தென்மாநிலமான மிசிசிப்பியில் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக, தொண்ணூறைத் தொட்ட கறுப்பினப் பெரியவர்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்கிறேன். என் முதல் கேள்வி இதுதான்: “வாக்காளராகப் பதியப் போன காலத்தில் உங்கள் வீட்டில் அடுப்பு எந்த வருமானத்தில் எரிந்தது?” வெள்ளை முதலாளியின் பருத்தித் தோட்டத்தில் குடியிருந்தவரை, பதியப் போன குற்றத்துக்காக ராத்திரியோடு ராத்திரியாக வெளியே தள்ளிவிடலாம். சொந்த நிலம் வைத்திருந்தவரையோ, கறுப்பின வாடிக்கையாளர்களை நம்பிக் கடை நடத்திய முடிதிருத்துபவரையோ அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது. யார் ஏன் முன்னே நின்றார் என்பது அங்கேதான் பிடிபடும்.

கூப்பிடும்போது மிசஸ், மிஸ்டர் என்று குடும்பப்பெயரோடு கூப்பிடுங்கள். அன்றைய வெள்ளையர்கள் பல்லுப்போன கிழவியைக்கூட வெறும் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். அலபாமா நீதிமன்றத்தில் ‘மேரி’ என்று அழைத்ததற்குப் பதில் சொல்ல மறுத்த கறுப்பினப் போராளி மேரி ஹாமில்டனுக்கு அவமதிப்புத் தண்டனையே கிடைத்தது. 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரியவர்களே பெயர் சொல்லச் சொன்னாலும் எனக்கு நா எழுவதில்லை.

சம்பவம் நினைவிருக்கும், ஆண்டு பிசகும். அதற்காக அவரைக் குடையாதீர்கள்; பழைய செய்தித்தாளைப் புரட்டுங்கள். பதிவுக்கு விண்ணப்பித்தவர்களின் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்று 1962இல் மிசிசிப்பி சட்டம் போட்டது. வேலையைப் பறிக்க வேண்டியவர்களுக்கு விலாசம் காட்டத்தான். அதே பட்டியல் இன்று நமக்குத் தேதி சொல்கிறது! வாக்களிக்க அன்று கட்டவேண்டியிருந்த தேர்தல் வரி இரண்டு டாலருக்கான ரசீது வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வாக்காளர்களைப் பதிவுசெய்த அதிகாரியான சர்க்யூட் கிளார்க், தேர்வாக மாநில அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவை விளக்கச் சொன்னார் என்று கேட்டால், சிலர் அப்படியே ஒப்பிப்பார்கள்.

அடுத்தது, மாநில இறையாண்மை ஆணையத்தின் கோப்புகள். 1956இல் தொடங்கிய இந்த அரசு வேவு அமைப்பு, கூட்டங்களுக்கு வந்த கார்களின் எண்களைக்கூடக் குறித்து வைத்தது. 1998இல் திறக்கப்பட்ட இந்தக் கோப்புகள் மாநில ஆவணக் காப்பகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. பெயரைத் தப்பும் தவறுமான எழுத்துகளிலும் தேடுங்கள். ஆனால் எழுதியவன் வேவுக்காரன் என்பதை மறக்க வேண்டாம். நாளையும் இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம், குணத்தைப் பற்றிய வம்பை அல்ல. பெரியவரிடம் காட்டுவதற்கு முன் பிள்ளைகளிடம் பேசுங்கள். தகவல் கொடுத்தவர் அதே தேவாலயத்தில் பக்கத்து பெஞ்சுக்காரராக இருக்கலாம்.

பலர் 1965 வாக்குரிமைச் சட்டத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம்கூட உடன்பாடில்லை. முப்பது வயதில் அடி வாங்கியவர் அதற்குப்பின் அறுபது ஆண்டு வாழ்ந்திருக்கிறாரே! ஏழைக் குழந்தைகளுக்கான அரசுத் திட்டமான ஹெட் ஸ்டார்ட் பாலர் பள்ளியை யார் நடத்தினார்கள்? 1967இல் கறுப்பினத்தவரான ராபர்ட் கிளார்க் மாநிலச் சட்டமன்றத்துக்கு வென்றபோது இவர் வீடு வீடாகப் போனாரா? 1970இல் கறுப்பின, வெள்ளையினப் பள்ளிகளை ஒன்றாக்கியபோது கறுப்பினத் தலைமையாசிரியர்கள் பலர் பதவியிழந்தார்கள். இவர் வீட்டில் யாராவது? பக்கங்களில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

காலை நேரத்தில், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் உட்காருங்கள். ஒப்புதல் கடிதத்தை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. ஒலிப்பதிவின் முதல் பிரதி குடும்பத்துக்கு, அடுத்ததுதான் நூலகத்துக்கு. கட்டிலடிப் பெட்டியில் இறுதிச்சடங்கில் கொடுக்கும் அச்சிட்ட நினைவுக் கையேடுகள் குவிந்திருக்கும். இறந்த தோழர்களின் பிறப்பு, சபை, வேலை எல்லாம் அவற்றில் அச்சாகியிருக்கும். பெட்டியை வெளியே எடுத்துப் போகாமல் அங்கேயே ஸ்கேன் செய்யுங்கள்.