பழைய கார் வாங்கும்போது இன்ஜின் சத்தத்தில் ஏமாறும் இடங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலை அருகே ஒரு வீட்டுக்கு நான் முதன்முதலில் பழைய கார் பார்க்கப் போனபோது, முற்றத்தில் வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "நீங்கள் வருவீர்கள் என்றுதான் கழுவித் துடைத்து, ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறேன் சார்" என்றார் விற்பவர். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். டீசல் இன்ஜின் ஒரே சீராக ஓடியது. அன்றே முன்பணம் கொடுத்தேன். வண்டி என் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் சாவியைத் திருப்பியபோது, தகர டப்பாவுக்குள் சங்கிலியைப் போட்டுக் குலுக்கியது போல இரண்டு மூன்று விநாடி ஒரு சத்தம் வந்து அடங்கியது. இன்ஜினுக்குள் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தது.

பட்டறையில் எல்லோரும் ஆசான் என்று கூப்பிடும் மூத்த மெக்கானிக் அன்று சொன்னதை அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை. "இது என்ன சத்தம் என்று பிறகு பார்க்கலாம் தம்பி. எப்போது வருகிறது, எப்போது போகிறது, அதை முதலில் சொல்லுங்கள்."

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, சூடான இன்ஜினைக் கேட்டுவிட்டுத் திருப்தி அடைவது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். தேய்ந்த செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வால்வுகளை அழுத்தும் டேப்பெட் ஆகியவை தங்கள் நிலையைக் காட்டுவது அந்த முதல் சில விநாடிகளில்தான். போனவுடன் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் வாக்குவாதம் வேண்டாம். நாளைக் காலை வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. எனவே மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் இன்று கைமாறும் அந்த டீசல் கார்கள் எல்லாமே சில லட்சம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்கக்கூடிய பழைய வண்டிகள். ஸ்விஃப்ட், டிசையர் போன்றவற்றில் இருந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட் அல்ல, செயின். குளிர்ந்த இன்ஜினின் அந்த முதல் சத்தத்தைக் கேட்காமல் அதை வாங்கவே கூடாது என்பேன்.

அதற்காக, குளிரில் வரும் சத்தம் எல்லாம் ஆபத்து என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறச் சூடேற மறைந்தால், புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு குழாயில் சிறு கசிவு இருக்கலாம். இரும்பு விரியும்போது இடைவெளி அடைபடுகிறது. மழைக்கால விடியலில், ஆல்டர்னேட்டர் போன்றவற்றைச் சுழற்றும் வெளிப்புற பெல்ட் கீச்சிட்டு நின்றுபோவதும் உண்டு. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் இதை அடிக்கடி கேட்கலாம். இவை விலை பேசும்போது குறைக்கச் சொல்லத்தக்க செலவுகள்தான்.

நான் உண்மையிலேயே அஞ்சுவது இதற்கு நேர்மாறானதற்கு: குளிரில் மெல்லக் கேட்டு, சூடேறிய பிறகு பலமாகும் 'டொக் டொக்' என்ற ஆழமான அடி. ஆயில் சூடாகி இளகும்போது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் தேய்ந்த பேரிங்கின் இடைவெளியில் உலோகம் உலோகத்தில் மோதுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து ஏற்றி, சட்டென்று காலை எடுக்கும்போது இது தெளிவாகக் கேட்கும். இன்ஜினின் முதன்மைத் தண்டான அந்தக் கிராங்க் ஷாஃப்ட் வரை கழற்ற வேண்டிய வேலை அது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இந்த அடியைத் தற்காலிகமாக மறைப்பது எளிது என்பதால்தான், சத்தமே இல்லாத இன்ஜினும் என்னைச் சந்தேகிக்க வைக்கிறது. கையேட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண் 5 டபிள்யூ 30 என்று போட்டிருக்கும் இன்ஜினில் 20 டபிள்யூ 50 போன்ற கெட்டியான ஆயிலை ஊற்றினால் தட்டல் கொஞ்ச நாள் தணிந்துவிடும். கடைசியாக ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். உலோகத் துகள் மின்னினாலோ, பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தாலோ மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

அடுத்த தவறு ஓட்டிப் பார்க்கும் இடத்தில் நடக்கிறது. சாலை நன்றாக இருக்கிறது என்று பலர் ஆரல்வாய்மொழி பக்கம் நான்குவழிச் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோகிறார்கள். கணவாய்க் காற்று காற்றாலை இறக்கைகளையே சுழற்றுகிற இடம் அது. கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, ஒரே வேகத்தில் போனால் இன்ஜினின் குரல் எங்கே கேட்கும்? கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஏற்ற இறக்கச் சாலைகள் இந்தச் சோதனைக்கென்றே அமைந்தவை போன்றவை. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு நான்கு பேரோடு ஏறிப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் ஏற்றத்தில் மட்டும் கூழாங்கல் உருள்வது போலக் கலகலவென்று கேட்டால், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கிறது. கரி படிந்திருப்பதும் காரணமாகலாம். டீசலில், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் டர்போவின் மெல்லிய சீழ்க்கை இயல்பு. அது ஆம்புலன்ஸ் சங்கு போல ஊளையிட்டால் டர்போ பேரிங்கைப் பார்க்க வேண்டும். இறங்கி வரும்போது இருபுறமும் மதில் உள்ள ஒடுங்கிய தெருவில் கண்ணாடிகளை இறக்கி மெதுவாக ஓட்டுங்கள். உள்ளே கேட்காத சத்தத்தை மதில் திருப்பித் தரும்.

எல்லாச் சத்தத்தையும் இன்ஜின் தலையில் கட்டுவதும் தவறு. வேகத்தோடு ஏறும் ரீங்காரம், வளைவில் திரும்பும்போது மாறினால், அது பெரும்பாலும் சக்கர பேரிங். வண்டி நின்றபடி நியூட்ரலில் ஓடும்போது கிளட்சை மிதியுங்கள். மிதித்தால் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் நின்றால் கியர்பாக்ஸின் உள் பேரிங். இரண்டு விநாடிச் சோதனைதான், ஆனால் இரண்டுக்கும் செலவு ஒன்றல்ல. ஏசியையும் ஒருமுறை போட்டு அணையுங்கள். கம்ப்ரசர் இணையும் 'க்ளிக்' இயல்பு, உறுமல் அல்ல.

எல்லையில் உள்ள களியக்காவிளை வழியாக வரும் கேரளப் பதிவு வண்டிகளில், அங்குள்ள பதிவு அலுவலகம் தரும் தடையில்லாச் சான்றை மட்டும் பார்ப்பது போதாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையலாம். அப்புறமும் சில காலம் ஓடி, பிறகு தட்டத் தொடங்கும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரிலும் 2021 நவம்பரில் தெருக்களில் வெள்ளம் நின்றதே. உள்ளூர்ப் பதிவு என்பதற்காக இதைத் தவிர்க்க வேண்டாம்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை மச்சான், மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று குடும்பமாகப் போய் நிற்பது. ஆளாளுக்குப் பேசினால் இன்ஜின் பேசுவது யாருக்கும் கேட்காது. ஒரு மெக்கானிக்கை மட்டும் அழைத்துப் போங்கள். அவருக்குரிய கூலியை நீங்களே கொடுங்கள், அப்போதுதான் அவர் உங்கள் பக்கம் நிற்பார். ஓட்டி முடித்து நிறுத்தும்போதும் பேச்சுக்கு இடம் கொடுக்காமல், சாவியைத் திருப்பிய பிறகு காதைக் கொடுங்கள். இன்ஜின் ஒரு குலுக்கலோடு 'தொம்' என்று இடித்து நின்றால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போயிருக்கிறது. அதற்குப் பின் கேட்கும் மெல்லிய 'டிங் டிங்' சைலன்சர் ஆறும் சத்தம். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.