பைசா விஷயத்துல பயம் போகணும்னா எங்க தொடங்கணும்? கன்னியாகுமரி மாவட்டத்துப் பொண்ணுங்களுக்கு ஒரு செய்முறை

நம்ம பக்கத்து பொம்பளைங்களுக்கு கணக்கு தெரியாதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) கூலியில சிட்டி (சீட்டு), குழு லோன், பிள்ளைக்க டியூசன், கல்யாண மொய்னு பிரிச்சு வைக்கது யாரு? ஆனா பேங்குன்னு வந்தா மட்டும் "அவரு வரட்டும், மவன் வரட்டும்"னு வாசல்லயே நிப்போம். அந்த இடத்துலேந்தே தொடங்குவோம்.

முதல் வேலை, போன் நம்பர். பாஸ்புக்ல உங்க பேருதான் இருக்கும், ஆனா அக்கவுண்ட்ல சேத்த நம்பர் யாருக்க நம்பர்னு பாருங்க, நெறய வீட்ல கல்ஃப்ல இருக்க மாப்பிள்ளைக்க பழைய நம்பரா இருக்கும், இல்லன்னா காலேஜ் படிக்க மவனுக்கதா இருக்கும். உரிமைத்தொகை 1000 ரூவா வந்து விழுந்தாலும் மெசேஜ் அவனுக்குத்தான் போகும், ஏடிஎம் கார்டும் அவன் பர்ஸ்லதான். பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துட்டுப் போய் நம்பர் மாத்த ஃபாரம் கேளுங்க, அப்படியே நாமினி, அதாவது நமக்கு அப்புறம் பைசாவை வாங்க எழுதி வச்ச ஆளு, யாருன்னும் கேட்டுருங்க. ஓடிபிய வயித்துல பெத்த பிள்ளை கேட்டாலும் போன்ல சொல்லாதீங்க. ஏமாந்து பைசா போச்சுன்னா அழுதுட்டு இருக்காம அந்த நிமிஷமே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணணும்.

ரெண்டாவது, கடன் எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதுங்க. பீரோவுல சேலை மடிப்புக்குள்ள இருக்க நகை அடகு ரசீது, பக்கத்து வீட்டுல வாங்குன கைமாத்து, மளிகைக்கடை பற்று, ஒண்ணு விடாம. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எப்ப கெடு. எழுதும்போது நெஞ்சு படபடன்னு அடிக்கும்தான், எழுதி முடிச்சப்புறம் தொகை நெனச்சதை விட கூடுதலா இருந்தாலும் அதுக்கு ஒரு எண் கெடச்சிருக்கும், அது போதும் இப்போதைக்கு.

மூணாவதுதான் முக்கியமானது, வட்டியை ரூவாயா மாத்திப் பாக்கணும். "ரெண்டு வட்டி"ன்னு சொன்னா காதுக்கு சின்னதா கேக்கும். நூத்துக்கு மாசம் ரெண்டு ரூவா, அப்போ வருஷத்துக்கு 24 சதவீதம். 40,000 ரூவாய்க்கு நகை வச்சிருந்தா மாசம் 800, வருஷம் 9,600. அதே நகை பேங்க்ல வருஷத்துக்கு 9 சதவீதத்துல இருந்தா மாசம் 300தான், வருஷத்துக்கு 3,600. நடுவுல போற 6,000 ரூவா யாருக்க பைசா? பேங்க்காரன் சதவீதத்தை வருஷத்துக்கு சொல்லுவான், வட்டிக்கடைக்காரன் மாசத்துக்கு சொல்லுவான், ரெண்டையும் அப்படியே ஒப்பிடாதீங்க. மொத்தமா மீக்க கையில பைசா இல்லன்னா ஒரு வளையலை மட்டும் மீட்டு, அதை பேங்க்ல வச்சு, அந்த பைசாவுல அடுத்ததை மீக்கலாம், கொஞ்சம் அலைச்சல்தான், ஆனா நடக்கும்.

குழு லோன் வாங்கினவங்களுக்கு ஒண்ணு. ரிசர்வ் பேங்க் 2022ல போட்ட விதிப்படி, மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை வசூலிக்கவங்க காலை 9 மணிக்கு முன்னாடியும் சாயந்தரம் 6 மணிக்கு அப்புறமும் போன் பண்ணப்பிடாது. கடனை முன்கூட்டியே அடைச்சா அபராதமும் கேக்கப்பிடாது. ராத்திரி 8 மணிக்கு முத்தத்துல வந்து நிக்கவனுக்கு காப்பி போட்டுக் குடுக்காம இதைச் சொல்லுங்க.

நாலாவது சிட்டி. நான் சிட்டிக்கு எதிரி இல்ல, எத்தனையோ வீட்ல கல்யாணம் நடந்ததே அதுலதான். ஆனா ஓட்டம் தெரிஞ்சு போடணும். 20 பேரு, மாசம் 5,000, ஒரு லட்சம் சிட்டின்னு வைப்போம். ஒருத்தி அவசரத்துக்கு 75,000க்கு ஏலம் எடுக்கா. தள்ளுன 25,000ல நடத்துறவருக்கு கமிஷன், சட்டப்படி சிட்டித் தொகையில 7 சதவீதம்தான் அதிகபட்சம், அதாவது 7,000. மீதி 18,000ஐ 20 பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 900 லாபம். உங்க சிட்டியில இந்தக் கணக்கை எழுதித் தருதாங்களான்னு கேளுங்க, பதிவு பண்ணுன சிட்டியான்னும் கேளுங்க. "என்ன பிள்ளே, எங்க மேல நம்பிக்கை இல்லியா"ன்னு முகத்தை சுளிச்சா அதுல சேராண்டாம். சொந்தக்காரங்களா இருந்தா சங்கடமாத்தான் இருக்கும், பரவால்ல.

அஞ்சாவது, உங்க பேர்ல மட்டும் ஒரு சேமிப்பு. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி (மாசாமாசம் கட்டுற சேமிப்பு) மாசம் 100 ரூவாயிலேயே தொடங்கலாம், 5 வருஷம், தொடங்குற அன்னைக்கு உள்ள வட்டிதான் கடைசி வரைக்கும். 12 மாசம் ஒழுங்கா கட்டியாச்சுன்னா கட்டுனதுல பாதி வரைக்கும் கடனாவும் எடுக்கலாம், வளையலைத் தூக்கிட்டு ஓடவேண்டாம்.

கடைசியா, கடலுக்குப் போறவங்க, ரப்பர் வெட்டப் போறவங்க இருக்க வீட்ல இதை விடவே விடாதீங்க. பேங்க்ல வருஷத்துக்கு 20 ரூவா விபத்துக் காப்பீடும், 436 ரூவா ஆயுள் காப்பீடும் இருக்கு, ரெண்டுலயும் 2 லட்சம் வரும். முதல்லது 18லேந்து 70 வயசு வரை, ரெண்டாவதுல 50 வயசுக்குள்ள சேரணும். பைசாவை அக்கவுண்ட்லேந்து அவங்களே எடுப்பாங்க, வருஷக் கணக்கு ஜூன் 1லேந்து. அதனால மே மாசம் உரிமைத்தொகை வந்த உடனே மொத்தத்தையும் வழிச்சு எடுக்காம ஒரு 500 ரூவாயை அதுலயே போட்டு வைங்க.