கூடுதல் காட்சிகளுக்கு இசை அனுமதி பெறும் முறை

ஒரு படம் டிவிடியாகவோ ப்ளூ-ரேயாகவோ வெளிவரும்போது அதனுடன் நீக்கப்பட்ட காட்சிகள், படம் உருவான விதத்தைக் காட்டும் ஆவணப்படம், பின்னணி இசையை மட்டும் ஒலிக்கவிடும் தனித் தடம் ஆகியவற்றைச் சேர்க்க விரும்புவோர், படத்துக்கென்று முன்பு வாங்கிய இசை அனுமதி இவற்றுக்கும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது.

முதல் வேலை, பழைய ஒப்பந்தங்களில் ஊடகங்களைக் குறிப்பிடும் வரியை நிதானமாகப் படிப்பது. 1969-இல் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் பாடலைத் தொலைக்காட்சி வழியே காட்டும் உரிமையைத் தந்திருந்தது. ஆனால் வீடியோ கேசட் விற்பனை அந்த உரிமைக்குள் அடங்காது என்று 1988-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கோஹென் எதிர் பாரமவுண்ட் வழக்கில், தீர்ப்பளித்தது. வீட்டுக் காணொளி உரிமை தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும், பாடல் படத்தில் வரும் அதே காட்சியோடுதான் ஒலிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால், அப்பாடலை வட்டின் தொடக்கப் பட்டியலில் (மெனுவில்) சுழலவிடுவதற்கும் இயக்குநரின் நேர்காணலுக்கு அடியில் ஓடவிடுவதற்கும் தனி அனுமதி தேவைப்படும்.

அனுமதி கேட்கும்போது இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும்: மெட்டுக்கும் வரிகளுக்கும் இசை வெளியீட்டாளர், குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு அதை வைத்திருக்கும் இசை நிறுவனம். ஒருவருக்குத் தரும் தொகை மற்றவருக்குத் தருவதைவிடக் குறையக் கூடாது என்ற விதி இவ்வகை ஒப்பந்தங்களில் அடிக்கடி இடம்பெறுவதால், முதலாமவரிடம் தாராளமாகப் பேசி முடித்துவிட்டால் செலவு இரட்டிப்பாகும்.

நீக்கப்பட்ட காட்சிகள்தான் அதிகத் தொல்லை தருபவை. பெரும்பாலும் இசையமைப்பாளரிடம் போய்ச் சேருமுன்பே வெட்டப்பட்டவை ஆதலால், தொகுப்பாளர் தற்காலிகமாக ஒட்டிய வேறொரு படத்தின் இசை அவற்றில் அப்படியே இருக்கக்கூடும். அதற்கு யாரும் அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். வசனமும் இசையும் தனித் தடங்களில் இருந்தால் இசைத் தடத்தை மட்டும் அணைத்துவிடலாம். ஆனால் படப்பிடிப்பின்போதே அறையில் வானொலி பாடிக்கொண்டிருந்தால், பாடல் வசனத்தோடு ஒரே ஒலிவாங்கியில் பதிவாகியிருக்கும்; ஒவ்வொரு வெட்டிலும் பாட்டு தாவித் தாவி ஒலிக்கும், பிரித்தெடுப்பதும் கடினம். அத்தகைய காட்சியில் வசனத்தை மறுபதிவு செய்வதா, காட்சியையே விட்டுவிடுவதா என்பதைப் பாடலுக்கான கட்டணத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும். விட்டுவிடுவதே பெரும்பாலும் சிக்கனம் என்பது என் கருத்து.

பின்னணி இசை தயாரிப்பு நிறுவனத்துக்கே சொந்தமானாலும் வாசித்தவர்களின் கணக்கு அத்துடன் முடிந்துவிடாது. அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பின் ஒப்பந்தத்தின் கீழ் பதிவான இசைக்கு, படம் தொலைக்காட்சி, வீட்டுக் காணொளி போன்ற அடுத்த சந்தைகளில் ஈட்டும் வருவாயில் கலைஞர்களுக்குப் பங்கு உண்டு. அதைத் திரட்டி வழங்குவதற்கான நிதியம் 1972 முதல் இயங்கிவருகிறது. அந்த இசையைப் படத்திலிருந்து பிரித்து வேறொரு பயன்பாட்டுக்கு எடுத்தால் புதிய பயன்பாட்டுக் கட்டணம் எழக்கூடும். முழு இசையையும் தனித்து ஒலிக்கவிடும் தடம் ஏறக்குறைய ஓர் இசைத்தொகுப்புக்குச் சமம் என்பதால், எண்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவாக இருந்தால் அந்தக் கட்டணமே திட்டத்தைக் கைவிடச் செய்யும். ஒரே தொகைக்கு எல்லா உரிமையும் வாங்கிப் பதிவு செய்த இசைக்கு இச்சிக்கல் இல்லை. ஆகவே பதிவு நடந்த இடத்தையும் அன்றைய ஒப்பந்த வகையையும் இசையமைப்பாளரின் அலுவலகத்திடம் முதலிலேயே கேட்டறியுங்கள்.

இவ்வளவையும் ஒரு பட்டியலில் எழுதிவையுங்கள்: எந்தக் கூடுதல் பகுதியில், எத்தனை நொடி, எந்த இசை, யாருடைய உரிமை, எந்த நாடுகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு. கால வரம்புள்ள அனுமதியாக இருந்தால், அக்காலம் முடிந்தபின் கையிருப்பில் எஞ்சும் வட்டுகளை விற்கலாமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். கையெழுத்தான ஆவணம் வராத பகுதியை, அச்சுக்கான மூலப் பிரதி தயாராகுமுன் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு ஒரு பாடலை நீக்குவதென்றால், மூலப் பிரதியை மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும்.