நெல்லையில கடை காம்ப்ளெக்ஸ் கட்டப் போறீங்களா? எலிவேஷனை கடைசில பாருங்க

பைபாஸ் பக்கமோ பெருமாள்புரத்துலயோ ஒரு அஞ்சரை சென்ட், அதாவது 40க்கு 60 இடம் கிடக்கு, கீழ நாலு கடை மேல ஒரு ஹால் போட்டு வாடகைக்கு விடலாம்னு நினைக்கறவங்க முதல்ல போய் நிக்கது 3டி எலிவேஷன், அதாவது கட்டடத்தோட முன்பக்கத் தோற்றத்தைப் படமா போடுறவர்ட்ட தான். நீலக் கண்ணாடி, ஏசிபி ஷீட்டு (சுவத்து மேல அடிக்கிற அலுமினியப் பலகை), ராத்திரி லைட்டுன்னு படம் ஜோராத்தான் இருக்கும், ஆனா அதுல நம்ம ஊரு வெயிலும் கிடையாது மழைத்தண்ணியும் கிடையாது. அதனால வரிசையை அப்படியே திருப்பிப் போடுவோம்.

படி 1: தண்ணி எதுவரை ஏறுச்சு?

2023 டிசம்பர் 17, 18 மழையில ஜங்ஷன், வண்ணார்பேட்டை பக்கமெல்லாம் எப்படிக் கிடந்துச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. உங்க இடத்துக்குப் பக்கத்துல பழைய கடை வச்சிருக்க அண்ணாச்சிட்ட "அந்த மழைக்கு இங்கன தண்ணி எதுவரை வந்துச்சு?"ன்னு கேளுங்க, சுவத்துல கை வச்சுக் காட்டுவாரு. அந்த மட்டத்தை கொத்தனாரை வச்சு டியூப் லெவல்ல (தண்ணி நிரப்புன குழாய்ல மட்டம் பாக்கறது) உங்க இடத்துக்குக் கொண்டு வந்து அதுக்கு மேல பேஸ்மட்டம், அதாவது கடையோட தரை மட்டம், வைங்க. ஆள் உயரத்துக்கு ஏறுன இடம்னா பேஸ்மட்டத்தால ஒண்ணும் ஆகாது, ஈபி போர்டையும் மோட்டாரு ஸ்டார்ட்டரையும் மாடிப்படி லேண்டிங்குக்கு ஏத்திருங்க. அப்புறம் வாறுகால் (தண்ணி வடியற கால்வாய்) எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாத்துக்கிடுங்க. ரோட்டை ஒவ்வொரு தடவை போடும்போதும் கொஞ்சம் உசத்திட்டே போவாங்க, அதையும் கணக்குல சேத்துக்கணும்.

படி 2: வெயில் எந்தப் பக்கம்?

மேக்க பாத்த கடைக்கு சாயந்திரம் நாலு மணிக்கு மூணடி சன்ஷேட் போட்டாலும் சுமார் ரெண்டடிக்குத் தான் நிழல் இறங்கும், அதுக்குக் கீழ ஷட்டர், கண்ணாடி, உள்ள இருக்க பிஸ்கட் பாக்கெட்டு எல்லாம் வேகும். அந்த முகத்துல கண்ணாடியைக் குறைச்சு, முன்னால எட்டடி வராண்டா விட்டு, மேல்மாடிக்கு ஓட்டை ஓட்டையா இருக்க ஜாலி கல் வச்சுக் கட்டுனா ஏசி கரண்ட் பில்லு குறையும். வடக்க பாத்தா வெயிலே வராதுன்னு நிறைய பேரு சொல்லுதாங்க, அது நம்ம ஊருக்குச் சரிப்படாது. சித்திரை பொறக்க சமயத்துல இருந்து ஆவணி வரைக்கும் உச்சி வெயில் நமக்கு வடக்க சாஞ்சு தான் அடிக்கும், அதனால அந்தப் பக்கமும் சன்ஷேட் வேணும்.

படி 3: டேப்பை எடுங்க

எஃப்எம்பி ஸ்கெட்ச்சையும் (உங்க இடத்தோட சர்வே அளவுப் படம்) ரோட்டு அகலத்தையும் ஒத்துப் பாருங்க, ஏன்னா 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்ல முன்னால எவ்வளவு விடணும்ங்கறதெல்லாம் ரோட்டு அகலத்தை வச்சுத் தான். எஃப்எஸ்ஐ 2, அதாவது 2,400 சதுர அடி இடத்துக்கு 4,800 வரை கட்டலாம்னு கேட்டதும் வாயெல்லாம் பல்லா இருக்கும், ஆனா செட்பேக்கும் (கட்டடத்தைச் சுத்தி விடற காலி இடம்) பார்க்கிங்கும் விட்டுட்டுப் பாத்தா அவ்வளவு வராது. ஒரு காருக்கு 2.5க்கு 5 மீட்டர், பைக்குக்கு 1க்கு 1.8 மீட்டர்னு பேப்பர்ல வெட்டி ப்ளான் மேல வச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல வர்றது முக்காவாசி பைக்கு தான், அதுக்கு இடம் விடலேன்னா நேரா உங்க படி மேலயே ஏத்தி நிப்பாட்டுவாங்க.

படி 4: சாய்வுப்பாதை

இதைத் தான் எல்லாரும் சொதப்புதாங்க. சாய்வு 1க்கு 12 இருக்கணும், பேஸ்மட்டம் ரெண்டடின்னா சாய்வுப்பாதை 24 அடி ஓடணும். கடைசில ஞாபகம் வந்து ஆறடில போடுறது பைக் ஏத்தத் தான் ஆகும், வீல்சேர் ஏறாது. சுவரை ஒட்டி நடுவுல ஒரு லேண்டிங் விட்டுத் திருப்புங்க, கைப்பிடி வைங்க, சொரசொரப்பான கல் போடுங்க. பளபள டைல்ஸ் போட்டா மழைல பாட்டிமாரு வழுக்கி விழுவாங்க.

படி 5: மரம், செடி

கோனோகார்பஸ் வேண்டாம், அரசாங்கமே 2025ல தடை போட்டாச்சு. அலங்காரப் பனை போட்டோவுக்கு நல்லாருக்கும், நிழல் தராது. புங்கை, பூவரசு, வேம்பு வைங்க. மேல ஈபி கம்பி போச்சுன்னா நந்தியாவட்டை, அரளியோட நிறுத்திக்கிடுங்க. மரத்தைச் சுத்தி நாலுக்கு நாலடி மண்ணு விடணும், தூர் வரைக்கும் பேவர் பிளாக்கைக் கொண்டு போய் நெருக்கிட்டு அப்புறம் மரம் பட்டுப்போச்சுன்னு சொல்லப்பிடாது. புல்வெளி ஆசை வேண்டாம், வைகாசில தண்ணிக்கு எங்க போவீங்க, அதுக்குப் பதிலா இட்லிப்பூ போதும். ஏசியில சொட்டுற தண்ணியை ரோட்டுல விடாம ஒரு பைப் போட்டு மரக்குழிக்கு விட்டுருங்க. மொட்டைமாடித் தண்ணி மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு, அது 2003ல இருந்தே கட்டாயம்.

படி 6: இப்பம் எலிவேஷன்

நாலு கடைக்கும் போர்டு ஒரே உயரத்துல வர்ற மாதிரி ஒரு பட்டையை முன்னாலயே கட்டி விட்டுருங்க, ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கும் இடம் இப்பமே சொல்லிருங்க, இல்லேன்னா வாடகைக்கு வாறவங்க இஷ்டத்துக்கு சுவத்தைத் துளைப்பாங்க. ஏசிபி ஷீட்டு ஆசை விடலேன்னா ஃப்ரேமை நெருக்கி அடிக்கச் சொல்லுங்க, ஆனி ஆடிக் காத்துக்குப் பிச்சுக்கிட்டு வரும். ப்ளானை அரசாங்கத்தோட சிங்கிள் விண்டோ ஆன்லைன்ல ஏத்தி அப்ரூவல் வந்த பிறகு தான் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டணும். மரக்கன்னை மட்டும் கட்டி முடியட்டும்னு காத்துக் கிடக்காம, லாரி போகாத மூலையில ஐப்பசி மழையோட வச்சு ஆட்டுக்கு எட்டாம கூண்டு கட்டிருங்க, கடை திறக்கும்போது ஓரளவு நிழல் நிக்கும்.