ஐந்தடிப் பாட்டு, நாலு கட்டம்: குறுந்தொகையிலிருந்து ஒரு சிரிப்பு காமிக்ஸ்

சங்கப் பாட்டை வைத்து காமிக்ஸ் போடலாம் என்றால் உடனே தலைவன் கையில் செல்போனைக் கொடுத்து, தோழியை வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் ஆக்கிவிடுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நாலைந்து வரைந்தேன். சிரிப்பு வந்தது, ஆனால் செல்போனைப் பார்த்துத்தான். பாட்டிலேயே குறும்பு இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும்?

முதல் படி: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

புதிதாக வரைபவர்களுக்குக் குறுந்தொகைதான் வசதி. 401 பாட்டு, ஒன்றிரண்டு தவிர எல்லாமே 4 முதல் 8 அடிக்குள். யானைப்படை, கோட்டை எல்லாம் வரைந்து சாக வேண்டாம், பேசுகிறவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. நாம் எடுப்பது 25ஆவது பாட்டு, கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

இரண்டாவது: உங்கள் பேச்சில் சொல்லிப் பார்ப்பது

உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைவி தோழியிடம் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எழுதுங்கள். "அவன் என்னோட சேர்ந்த அன்னைக்கு அங்கே யாருமே இல்லைடி, அந்தத் திருடன் மட்டும்தான். அவனே பொய் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? ஒரு கொக்கு இருந்துச்சு. அதுவும் மீனைப் பார்த்துட்டு இருந்துச்சு."

எழுதியதும், சிரிப்பு எந்த இடத்தில் வருகிறதோ அங்கே கோடு போடுங்கள். எனக்குக் கடைசி வரி. இவள் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கிறது, இருக்கிற ஒரே சாட்சியோ தன் சாப்பாட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை! அவள் கலக்கம் நிஜமான கலக்கம், அதைக் கேலி செய்யாதீர்கள், கேலி முழுக்கக் கொக்கின் மேல் போகட்டும்.

மூன்றாவது: கட்டம் பிரிப்பது

ஒரு ஏ4 தாளைக் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று மடித்தால் நாலு கட்டம். முதலாவதில் தலைவியும் தோழியும், "சாட்சின்னு யாருமே இல்லையா?" இரண்டாவது அன்றைய ஆற்றங்கரை, பேச்சே வேண்டாம், இருவரும் கைபிடித்து நிற்கிறார்கள், மூலையில் கவனிக்காமல் விட்டுவிடும் அளவுக்குச் சின்னதாகக் கொக்கு. மூன்றாவது கட்டம் முழுக்கக் கொக்கின் கண், கண்ணுக்குள் ஒரு ஆரல் மீன். நாலாவதில் தோழியே ஆற்றுக்குப் போய் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். "அன்னைக்கு என்ன பார்த்தே?" கொக்கு திரும்பாமலே, "ஆரல்."

முதலில் நான் கொக்குக்கு மூன்று வரி வசனம் எழுதியிருந்தேன், படித்த ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரே சொல்லாகக் குறைத்ததும்தான் வேலை செய்தது.

நாலாவது: வரைவது

மனிதர்கள் குச்சி உருவமாக இருந்தாலும் போதும். ஆனால் காலண்டர் படம் பார்த்து ஜரிகைச் சேலை கட்டிவிடாதீர்கள், தழையாடை வரைவது அதைவிட எளிது. கொக்கில் மட்டும் ஏமாற்றக் கூடாது. தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால் என்று கபிலரே அடையாளம் சொல்லிவிட்டார். வயலோரம் கழுத்தை உள்ளிழுத்து அசையாமல் நிற்குமே மடையான், அதை ஒரு பத்து நிமிடம் பாருங்கள். ஒரு முட்டை, ஒரு அலகு, இரண்டு குச்சி, அவ்வளவுதான் உருவம். எல்லாக் கட்டத்திலும் அதே நிலையில் நிற்க வேண்டும், அசைந்தால் நகைச்சுவை போய்விடும்.

ஐந்தாவது: எழுத்து

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். "பார்த்துக்கொண்டிருந்தது" என்ற ஒரே சொல் ஒரு வரியை விழுங்கிவிடும். அதனால் வசனத்தை முதலில் எழுதிவிட்டு, அதைச் சுற்றி பலூனைப் போடுங்கள், பலூனை வரைந்துவிட்டு எழுத்தைத் திணிக்காதீர்கள். முதலில் பேசுகிறவர் இடது பக்கம். கணினியில் செய்வதானால் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் இலவசம், கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் கவிவனார் எழுத்துரு கையெழுத்துச் சாயலில் இருக்கும்.

அப்புறம், கீழே பாட்டையும் எண்ணையும் கபிலர் பெயரையும் சின்னதாகப் போட்டுவிடுங்கள், தேடிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இது கைவந்தால் கலித்தொகையில் 51ஆவதை எடுங்கள். அங்கேயும் ஒரு கள்வன் இருக்கிறான். தண்ணீர் கேட்டு வந்து தலைவியின் கையைப் பிடித்துவிடுகிறான், அவள் அலறியதும் அம்மா ஓடி வர, "உண்ணுநீர் விக்கினான்" என்று அவளே சமாளிக்கிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுக்கும் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வரையுங்கள், அவன் கடைக்கண்ணுக்கு இடம் வேண்டும்.